படிக்கட்டு வரை எட்டிய வை-ஃபை

ஒயர் இல்லாத இணைப்பு என்கிறார்களே, அதற்கு எத்தனை ஒயர் தேவை என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் சென்ற மாதம் எண்ணினேன். தெருக் கம்பத்திலிருந்து மொட்டை மாடி வழியாக இறங்கும் ஃபைபர் ஒன்று. அது வந்து சேரும் டப்பாவுக்குக் கரண்ட் ஒயர். கரண்ட் போனால் தாக்குப் பிடிப்பதற்காக வைத்திருக்கும் பேட்டரிப் பெட்டிக்கு இரண்டு. பின்னறையில் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் மௌஸுக்குமாக ஒரு கொத்து. எல்லாவற்றுக்கும் மேல், ஒயர் இல்லாமல் இணைப்பதற்காக வாங்கிய கருவியைப் பொருத்தவே தனியாக ஓர் ஒயர். அந்தக் கடைசி ஒயர்தான் காரியத்தை முடித்தது.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. 2011இல் வாங்கியது. அதைத் தூக்கிப் போடாததற்கு ஒரே காரணம், அதன் வயிற்றில் இருக்கும் என் பழைய மொழிபெயர்ப்புகள். பத்திரிகை அலுவலகங்களுக்குள் யூனிகோடு முழுதாக நுழைவதற்கு முன், 1999இல் தமிழக அரசு அங்கீகரித்த டேம், டேப் போன்ற முறைகளில் அமைந்த எழுத்துருக்களில்தான் எங்கள் பிழைப்பு நடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இருக்காது. லத்தீன் எழுத்துகள் எறும்பு மொய்த்த மாதிரி தெரியும். பத்து வருட உழைப்பு எறும்பாக மாறுவதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

லேப்டாப் பழுது பார்க்கப் போயிருந்த வாரத்தில் ஒரு பழைய நூல் மறுபதிப்புக்கு வந்தது. திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். போனில் 3000 வார்த்தை அடிக்க எனக்கு விரல் போதாது. ஆக, பழைய கம்ப்யூட்டரையே இணையத்தில் சேர்ப்பது என்று முடிவானது. முன்பு அதற்கு டெலிபோன் ஒயர் வழியாக இணைப்பு இருந்தது; அந்த லைனைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு வை-ஃபை என்றால் என்னவென்றே தெரியாது. நேரு பிளேஸ் போய் கட்டை விரல் நகம் அளவில் ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கி வந்தேன். சில நூறு ரூபாய். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி சிடி. புதிய லேப்டாப்காரர்கள் இந்த சிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ, என் கிழட்டுக் கம்ப்யூட்டர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. இணையத்தில் சேர்வதற்கு வேண்டிய மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. எனக்கு அந்த அவதி வாய்க்கவில்லை.

பொருத்தியதும் திரையின் மூலையில் பெயர்கள் வரிசையாக முளைத்தன. ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று நொடிக்குச் சுமார் 10 முறை கூவிக்கொண்டே இருக்கிறது. அடாப்டர் செய்த முதல் வேலை அந்தக் கூவலைக் காது கொடுத்துக் கேட்டதுதான். மேல் வீட்டுக்காரரின் குடும்பப் பெயர், எதிர் வீட்டுக் குழந்தையின் செல்லப் பெயர், ‘கேட்காதே’ என்று இந்தியில் ஒரு பெயர். லிஃப்டில் புன்னகையோடு முடித்துக்கொள்ளும் அத்தனை பேரும் என் பின்னறைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தில் என் வீட்டுப் பெயர்தான் மிகவும் பலவீனமாக, ஒரே ஒரு கோட்டுடன் நின்றது.

காரணம் பீரோ.

சுவரைத் தாண்டுவது இந்த அலைகளுக்குப் புதிதல்ல. 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பித் தூரத்திலிருந்த ஒரு மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அவருடைய ஆய்வுகளில் இடம்பெற்ற அலைகளின் நீளம் சில மில்லிமீட்டர்தான். நம் வீட்டு வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. நீளமான அலை தகவலை மெதுவாகச் சுமந்தாலும் தூரம் போகும், செங்கல் சுவரைத் தாண்டும். குட்டை அலை வேகமாகத் தகவலைச் சுமக்கும். ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். இரும்புத் தகட்டிடம் மட்டும் இரண்டுமே தோற்றுப்போகும். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த ஆறரை அடி உயர பீரோ, முன்னால் ஆளுயரக் கண்ணாடியோடு, ஹாலில் இருந்த ரவுட்டருக்கும் பின்னறைக் கம்ப்யூட்டருக்கும் குறுக்கே கோட்டைச் சுவர் மாதிரி நின்றது. கண்ணாடியின் முதுகில் இருப்பதும் உலோகப் பூச்சுதான். போதாக்குறைக்கு அடாப்டரை நான் செருகியது கம்ப்யூட்டரின் பின்பக்கம். அந்தப் பெட்டியே தகரம். வை-ஃபை கருவியை இரண்டு இரும்பு அரண்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு ‘சிக்னல் வரவில்லை’ என்று சேவை நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இங்கேதான் அந்தக் கடைசி ஒயர் வந்தது: ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். அடாப்டரை அதன் முனையில் கோத்து ஜன்னல் விளிம்பில் தூக்கி வைத்ததும் ஒரு கோடு மூன்றாயிற்று. புதிய கம்ப்யூட்டர்களுக்கும் இது பொருந்தும். நீல நிற வாயுள்ள யுஎஸ்பி 3 துளைகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒருவித இரைச்சலைக் கிளப்புகின்றன. அடாப்டரை அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

அதன் பிறகும் சேரவில்லை. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், இயலவில்லை என்றது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கண்ணாடி போட்டு, கழற்றி. சேவை நிறுவனத்துக்கு போன் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார் ஓர் இளைஞர். போட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது முறை அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

விஷயம் பாஸ்வேர்டில் இல்லை; அதைச் சரிபார்க்கும் முறையில் இருந்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ரவுட்டரிடம் அப்படியே ஒப்பிக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ரவுட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். கம்ப்யூட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். இருவரும் தத்தம் கையிலுள்ள பாஸ்வேர்டோடு அந்த எண்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் காட்டிக்கொள்கிறார்கள். விடை ஒத்துப்போனால் ரகசியம் ஒன்றே என்று தெரிந்துவிடுகிறது. அசோகவனத்துக்குப் போன அனுமன் மோதிரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ராமனுக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டியிருந்தது. இங்கே ரகசியம் காற்றில் ஏறுவதே இல்லை. தமிழ் படித்தவளுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இந்த முறைக்குத் தலைமுறைகள் உண்டு. 1997இல் வந்த வெப் என்பது 2001க்குள் உடைந்துவிட்டது. 2004இல் டபிள்யூபிஏ2. அதிலும் ஓர் ஓட்டை: கணக்கின் விடையைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துகொண்டு, சாவகாசமாக வீட்டில் உட்கார்ந்து லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த தேதி, பிள்ளையின் பெயர் வைத்தவர்கள் சீக்கிரம் அகப்படுவார்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த ஓட்டையை அடைத்தது. எங்கள் வீட்டுப் புதிய ரவுட்டர் இந்த மூன்றாம் தலைமுறை மட்டுமே போதும் என்ற நிலையில் வைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 7 ஓடும் என் கம்ப்யூட்டருக்கு அந்த பாஷை தெரியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போனில் திறந்து, ‘இரண்டும் மூன்றும்’ என்ற கலப்பு நிலைக்கு மாற்றியதும் பழசும் புதுசும் கைகுலுக்கிக்கொண்டன. (விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். நானும் கட்டுரையை அனுப்பியதும் இணைப்பைக் கழற்றிவிட்டேன்.)

கட்டுரை போய்ச் சேர்ந்தது. இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த அமைப்புப் பக்கத்தில், கலப்பு நிலைக்கு இரண்டு வரி கீழே, இன்னொன்று என் கண்ணில் பட்டது. ‘விருந்தினர் நெட்வொர்க்’ என்று இருந்தது. பக்கத்தில் அணைந்து கிடந்த ஒரு பொத்தான்.

2020க்குப் போக வேண்டும். எங்கள் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஓர் இஸ்திரி மேஜை. அவர் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிகள் மூடிப் பாடங்கள் போனுக்கு வந்த காலம். வீட்டில் இருந்தது அப்பாவின் ஒரே போன். அதன் அன்றாட டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி இந்தியக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தவை 10.7 சதவீதம். இணைய வசதி இருந்தவை 23.8 சதவீதம். அந்தக் கணக்கை நானே மொழிபெயர்த்திருந்தேன். அதில் சேராத ஒரு குடும்பம் கேட்டுக்கு வெளியே நிற்கிறது என்பது அப்போது தோன்றவில்லை. ஒருநாள் துணி கொடுக்க வந்த பெண், “ஆன்ட்டி, உங்க வை-ஃபை படிக்கட்டு வரைக்கும் வருது. பாஸ்வேர்டு சொல்வீங்களா? கிளாஸ் நேரத்துக்கு மட்டும்” என்றாள்.

நான் உடனே சொல்லவில்லை. எனக்கு 2008 ஞாபகம் வந்தது. அந்த ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடம் முன்பு பத்திரிகை, டிவி அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து என்று தேடிப்போன போலீஸார் நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய வை-ஃபையை யாரோ அவர் அறியாமலே பயன்படுத்தியிருந்தார்கள். செப்டம்பரில் தில்லி குண்டுவெடிப்பு. அப்போதைய மின்னஞ்சலுக்குப் பயன்பட்டது மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வை-ஃபை. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பூட்டாத வை-ஃபை கூடாது என்று சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அந்த நாட்களில் செய்தி மேஜையில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் எலும்பில் பதிந்த விஷயம். என் இணைப்பில் யார் என்ன செய்தாலும் வெளியுலகத்துக்கு அது என் பெயரில்தான் பதிவாகும். சேவை நிறுவனத்தின் படிவத்திலும், பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

இதையெல்லாம் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் சொல்ல முடியுமா? “பார்க்கலாம்” என்றேன். பதினோரு நாள் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் வெட்கப்பட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் நன்றாக நடந்தது. எங்கள் வாசலுக்கும் மாடிப்படித் திருப்பத்துக்கும் இடையே ஒரு மரக்கதவுதான்; சிக்னல் தாராளம். முகக்கவசத்தோடு மூன்றாம் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். பிறகு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டுகளின் இயல்புப்படி, நடக்க ஆரம்பித்தது. அவள் சித்தப்பா மகனுக்கு. அவனிடமிருந்து இரவுக் காவலாளிக்கு. ஒருநாள் முன்பின் தெரியாத டெலிவரி இளைஞர் ஒருவர் படியில் நின்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் என் முகம் வாயைத் திறந்த நிலையில் உறைந்து நின்றது. அன்று இரவு பாஸ்வேர்டை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள். போனைத் தூக்கிப் பிடித்தாள், இறக்கினாள், ஒரு படி மேலே வந்து பார்த்தாள். கதவைத் தட்டவில்லை. கால் மணி நேரம் இருந்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் துணி வந்துகொண்டுதான் இருந்தது. அவள் வரவில்லை, அவள் அப்பா கொண்டுவந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பொத்தானைப் பார்த்ததும் பரணில் கிடந்த பழைய ரவுட்டரின் அட்டைப் பெட்டியை இறக்கினேன். அந்த வருடங்களில் எங்கள் ஹாலில் இருந்தது அதுதான். பெட்டியின் பக்கவாட்டில் சிறப்பம்சங்களின் பட்டியலில் நான்காவதாக அச்சிட்டிருந்தது, விருந்தினர் நெட்வொர்க். அப்போதே இருந்திருக்கிறது.

அது செய்யும் வேலை இதுதான். ஒரே ரவுட்டர், இரண்டு பெயர்களில் கூவும். இரண்டாவது பெயரில் நுழைபவருக்கு இணையம் கிடைக்கும். என் கம்ப்யூட்டரோ பிரிண்டரோ கண்ணில் படாது. பல ரவுட்டர்களில் அதற்கு வேகத்தை அளந்து விடலாம், நேரமும் குறிக்கலாம். பாஸ்வேர்டு நடந்து போய்விட்டதென்றால் அதை மட்டும் மாற்றி, வேண்டியவருக்கு மட்டும் புதியதைச் சொல்லலாம். போலீஸ் கதவைத் தட்டும் பயத்துக்கு மட்டும் இதில் மருந்து இல்லை. இரண்டு பெயருக்கும் வெளியே முகவரி ஒன்றுதான். அந்தப் பயத்தைப் போக்க அரசு வேறு வழி பார்த்தது: 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த பிஎம்-வாணி திட்டம். டீக்கடைக்காரரும் லைசென்ஸ் இல்லாமல் வை-ஃபை விற்கலாம். வருபவரின் அடையாளம் முறையாகப் பதிவாகும். எங்கள் தெருவில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. ஆனால் பொதுவில் வைத்த வை-ஃபை என்ன செய்யும் என்பதற்கு எர்ணாகுளம் ஜங்ஷனில் ஒரு போர்ட்டர் இருந்தார். ரயில் நிலையத்தின் இலவச வை-ஃபையில் பாடங்களை இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு மூட்டை சுமந்தபடியே கேட்டு, 2018இல் கேரளத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் வென்றார். அந்தச் செய்தியைப் படித்து நெகிழ்ந்ததும் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை மேஜையருகே பார்த்தேன். கல்லூரியில் படிக்கிறாள். என் ரவுட்டர் புராணத்தை இந்தியில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ‘மன்னித்துவிடு’ என்பதற்கு இந்தியில் சரியான வார்த்தை எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது ‘டெக்னிகல் பிரச்னை’தான். அவள் சிரித்தாள்.

“எனக்கு இப்போ டேட்டா இருக்கு ஆன்ட்டி. அப்பாவோட பழைய போன்ல உங்க வீட்டுப் பேரு இன்னும் இருக்கு. மாடிக்கு வரும்போதெல்லாம் சேரப் பார்க்கும். சேராது.”

“உன் தம்பி?”

“ஆறாவது. அவனுக்குத்தான் அந்த போன்.”

இரண்டாவது பெயருக்கு உயிர் கொடுத்தேன். படிக்கட்டு வேண்டாம் என்று பட்டது. ஹால் மூலையிலிருந்த ரவுட்டரை பால்கனிப் பக்கம் ஜன்னல் மேல் தூக்கி வைத்து, விருந்தினருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸைக் கொடுத்தேன். கான்கிரீட் தளத்தைத் துளைத்து இறங்குவது கஷ்டம். திறந்த வெளியில் வேப்ப மரத்தடிக்குப் போவது அவ்வளவு கஷ்டமில்லை. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பையன் இஸ்திரி மேஜைக்கடியில் உட்கார்ந்து போனை ஒருமுறை ஆட்டிக் காட்டினான்.

ஒயரும் ஒரு மீட்டர் கேபிளுமாகப் பின்னறைக்கு இழுத்து வந்திருந்த சிக்னலில் ஒரு கோடு குறைந்துவிட்டது. பீரோவை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.